இலஞ்சி மன்றமும் சுங்கை பூலோவும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரின் ஐவகை மன்றங்கள் பேசப்படுகின்றன. வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூதசதுக்கம், பாவை மன்றம் என்னும் பெயர்களை மாணாக்கர் வரிசை பிறழாது ஒப்பிப்பர். தேர்வுத்தாளில் ஒவ்வொன்றின் சிறப்பையும் ஓரிரு வரிகளில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். அவற்றுள் இலஞ்சி மன்றம் என்பது ஒரு பொய்கை. கூனர், குறளர், ஊமையர், செவிடர், உடல் அழுகும் நோயுற்றோர் ஆகியோர் அதில் மூழ்கி எழுந்தால் குறை நீங்கி நல்லுருப் பெற்று, மன்றத்தை வலம்வந்து செல்வர் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி.

கரையேறியவன் எங்கே சென்றான்? இவ்வினாவை வகுப்பறையில் எவரும் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய இடமும் அதுவன்று எனலாம். நகரின் பெருமையைப் பாட வந்த அடிகள் பொய்கையின் ஆற்றலைச் சொன்னாரேயன்றி அதில் மூழ்கிய மனிதனின் பிற்கால வாழ்வைச் சொல்ல வந்தாரல்லர். ஆயினும் அதன்பின் வந்த தமிழ்ப் புனைவு, வீழ்ந்த மனிதனைப் பேசும்போதெல்லாம் பெரும்பாலும் அப்பொய்கையின் கரையிலேயே நின்றுவிடுகிறது. அவன் முழுமையாக மீட்கப்படுகிறான். அன்றேல் முழுமையாக அழிகிறான். இழந்தது இழந்ததாகவே இருக்க, எஞ்சியதைக்கொண்டு மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிற மனிதனுக்கு அக்கதைகளில் இடம் அரிதாகவே இருக்கிறது. அத்தகைய மனிதர் ஓரிருவரல்லர், ஆயிரக்கணக்கானோர், கோலாலம்பூருக்கு வடமேற்கே சுங்கை பூலோவில் வாழ்ந்தனர். அவர்தம் வாழ்வை அருகில் வைத்து நோக்கும்போது வீழ்ச்சி, மீட்சி என்னும் சொற்களைத் தமிழ் இலக்கியம் ஆண்டுவந்த முறை எத்துணை ஒடுங்கியது என்பது விளங்கும்.

தொழுநோயைப் பற்றிய கதைகளுள் தமிழர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது அருணகிரிநாதரைப் பற்றிய செவிவழிக் கதை. இளமையில் சிற்றின்ப வழியிற் சென்று, பொருளிழந்து, பெருநோய்க்கு ஆளாகி, திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர்துறக்க முயன்றவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது அக்கதை. அவர்தம் பாடல்களில் வரும் தன்னிரக்கக் கூற்றுகளைக் கொண்டு பின்னோர் புனைந்தது இது என்று கருதும் அறிஞரும் உளர். வரலாறோ புனைவோ, பத்துமலையில் தைப்பூசத்தன்று திருப்புகழ் ஒலிக்கும் நாட்டில் அக்கதை அறியாதார் சிலரே. 1964இல் டி. எம். சௌந்தரராசன் அருணகிரிநாதராகவே நடித்த திரைப்படம் அதனை மேலும் பரப்பியது.

இக்கதைக்கு ஒரு நற்சான்று தரவேண்டும். விழுந்தவனுக்கு இங்கே மறுநாள் ஒன்று இருக்கிறது. அம்மறுநாளில் ஒரு வேலையும் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தப் பாடல்கள் அவ்வேலையின் விளைவு. இலஞ்சி மன்றத்தில் இல்லாத செய்தி இது. ஆனால் வேலை தொடங்குமுன்பே உடல் திருப்பித் தரப்பட்டுவிடுகிறது. விரல் மடங்கிய கையோடு அவர் ஏடெடுத்து எழுதினார் என்று எக்கதையாசிரியரும் சொல்லத் துணியவில்லை. பழைய உடலைப் பெறாமல் புதிய வாழ்வைத் தொடங்குவது கூடும் என்பது பக்திக் கதையின் எண்ணத்திற்கு எட்டவில்லை.

பக்திக் கதைக்கு நேர் எதிரான முகாமிலிருந்து வந்தது ‘இரத்தக் கண்ணீர்’. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா மேடைதோறும் நடித்துப் புகழ்பெற்ற இந்நாடகம், 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. வெளிநாட்டில் பயின்று திரும்பும் மோகனசுந்தரம் தாயை இகழ்கிறான்; மனைவி சந்திராவைப் புறக்கணிக்கிறான்; காந்தா என்னும் பெண்ணிடம் செல்வத்தையெல்லாம் இழக்கிறான்; தொழுநோயுற்றுத் தெருவிற்கு வருகிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம்செய்து வைக்கிறான்; பிறர்க்கு எச்சரிக்கையாக விளங்கும்பொருட்டுத் தனக்கு ஒரு சிலை நிறுவுமாறும் கேட்டுக்கொள்கிறான்.

இப்படத்தின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. கைவிடப்பட்ட மனைவிக்கு மறுமணம் என்பதை 1954இல் திரையில் நிகழ்த்திக் காட்டுவதற்குத் துணிவு வேண்டும். எள்ளலும் ஏளனமும் கலந்த வசனங்கள் ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நாவில் வாழ்கின்றன. ஆனால் நோயைப் பற்றிய அதன் பார்வை என்ன? ஒழுக்கக் கேட்டிற்குக் கூலி தொழுநோய் என்பதுதான். பகுத்தறிவு மேடையில் வளர்ந்த நாடகம், தான் எதிர்த்த பக்திக் கதையின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பது வியப்பளிக்கிறது. கடவுளை நீக்கிவிட்டது, கடவுள் தந்ததாகச் சொல்லப்பட்ட தண்டனையை நீக்கவில்லை. அருணகிரியாருக்குத் தாங்கும் கை ஒன்று இருந்தது. மோகனுக்கு அதுவும் இல்லை. சிலையாவது ஒன்றே அவனுக்கு எஞ்சிய வழி. உயிருள்ள மனிதனுக்கு எச்சரிக்கைப் பலகையாவதைத் தவிர வேறு பயன் இல்லை என்று தீர்ப்பளிக்கும் முடிவு அது.

இத்தீர்ப்பை ராதாவின் நடிப்பே மறுத்துவிடுகிறது என்பதுதான் அப்படத்தின் விந்தை. நலமுடன் இருந்த மோகன் வெறும் ஆணவக்காரன். சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. நோயுற்ற மோகனோ ஊரையே விசாரணைக்கு நிறுத்துகிறான். கரகரத்த அக்குரலில் நகைச்சுவை இருக்கிறது, நினைவு இருக்கிறது, பிறரைத் துல்லியமாக எடைபோடும் அறிவு இருக்கிறது. பார்வையாளர் இரக்கம் கொள்வதற்கு முன்பே சிரித்துவிடுகின்றனர். சிரிக்கவைப்பவன் இறந்தவனாக இருக்க முடியாது. நாடகாசிரியர் சிலை செய்யச் சொன்ன இடத்தில் நடிகர் ஓர் உயிரைக் காட்டிவிட்டார். மாணாக்கர் இப்படத்தைக் கற்கும்பொழுது கதையின் நீதியையும் நடிப்பின் உண்மையையும் பிரித்தறியப் பழகவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இடத்தில்தான் படத்தின் வலிமை இருக்கிறது.

மருத்துவம் சொல்வது என்ன என்பதும் இங்குக் கருதத்தக்கது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கிருமி தாக்குவது நரம்பை; நரம்பு கெட்டால் உணர்ச்சி போகிறது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கினாலும் சுடுவதில்லை, ஆணி மேல் நடந்தாலும் வலிப்பதில்லை. காயம் காயமென்று தெரியாமலே புண்ணாகி, எலும்புவரை செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இவ்வுண்மையை விளக்கி நிறுவினார். நோய் தசையை அழுகச் செய்வதில்லை. வலியின்மையே விரல்களைத் தின்கிறது. எனவே உடல் அழுகினோர் என்னும் பழைய வழக்கு, கண்ணால் கண்டதைச் சொன்னதேயன்றிக் காரணத்தைச் சொன்னதன்று.

பிராண்ட் மடங்கிய விரல்களை நரம்பாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். கைகள் மீண்டன. பின் நிகழ்ந்தது எந்தப் புனைகதையாசிரியரும் எண்ணியிராதது. கை நிமிர்ந்தவர்களுள் சிலர் திரும்பிவந்து, இக்கைகள் பிச்சையெடுக்க உதவவில்லை என்று முறையிட்டனர். கோணிய கைக்கு இரங்கிக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. நோயின் தழும்பு கண்டு வேலை தருவாரும் இல்லை. இலஞ்சி மன்றத்தின் கரையில் எழாத வினா வேலூரில் எழுந்தது. அதற்கு விடையாகவே நவஜீவ நிலையம் என்னும் தொழிற்பயிற்சி இல்லம் அங்குத் தோன்றியது. மரப்பொம்மை செய்யவும் கருவிகளைக் காயமுறாமல் கையாளவும் அங்கே கற்பித்தனர். உடல் நலம் பெறுவதும் வாழ்வு புதுப்பிக்கப்படுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதைத் தமிழ்மண்ணில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி காண்பதரிது.

அதே காலத்தில் அதே நோயுடன் வாழ்ந்த தமிழறிஞர் ஒருவரின் தன்வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. டி. என். ஜகதீசன் ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்தவர். மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரின் அன்பிற்குரியவர். சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். சிறுவயதிலேயே தொழுநோய் பற்றியதால் அவர் கனவு கண்ட வாழ்க்கை கைநழுவியது. பின்னர்த் தொழுநோயர் தொண்டையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். விழுப்புரத்தை அடுத்த மழவந்தாங்கலில் அமைந்த கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் அவர் உழைப்பின் சின்னங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘தொழுநோயின் வழியே நிறைவு’ என்று வரும். நோய்க்குப் பின் நிறைவு என்று அவர் வைக்கவில்லை. நோயை மீறி நிறைவு என்றும் வைக்கவில்லை. வழியே என்னும் அச்சொல்லை நம் இலக்கியத் திறனாய்வு இன்னும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. தொண்டில் அவர் காட்டிய அறிவும் பொறுமையும் நோயினால் வந்தவை. நோய் வராதிருந்தால் அவர் ஒரு நல்ல ஆங்கிலப் பேராசிரியராகியிருப்பார், அவ்வளவே.

சாஸ்திரியாரின் பெயர் மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. மலாயாவின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பியவர் அவர். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை மென்மையானது என்று குறைகூறப்பட்டதும் வரலாறு. அவர் மலாயாவுக்கு வந்த காலத்தில் சுங்கை பூலோக் குடியிருப்பு தோன்றி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1926ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழுநோயரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்தது. அதுவரை கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாக்கில் இருந்த விடுதி, மனிதர் வாழத் தகுதியற்ற நிலையில் இருந்தது. மருத்துவர் ஈ. ஏ. ஓ. டிராவர்ஸ் என்பவர் நோயரைக் கைதிகளாக நடத்தாமல் வேலையும் விளையாட்டும் தந்து பேணவேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1930இல் சுங்கை பூலோவில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், 562 ஏக்கர் நிலத்தில் புதிய குடியிருப்பு திறக்கப்பட்டது. நீண்ட கொட்டகைகளுக்கு மாறாகச் சிறுசிறு வீடுகள், ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் தோட்டநிலம் என்று தோட்ட நகரக் கொள்கையின்படி அதை அமைத்தனர். பள்ளி, சந்தை, அஞ்சலகம், காவல் நிலையம், சிறைக்கூடம் ஆகியன உள்ளேயே இருந்தன. பள்ளிவாசலும் தேவாலயமும் சீனர் கோயிலும் இந்துக் கோயிலும் எழுந்தன. உச்சநிலையில் 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். சீனர் பெரும்பான்மையினர், தமிழரும் மலாய்க்காரரும் உடன்வாழ்ந்தனர். தோட்ட லயத்தில் கங்காணியின் குரலுக்கு எழுந்து பழகியவர், இங்கே தம் வீட்டைத் தாமே பெருக்கி, தம் பாத்தியைத் தாமே கொத்தவேண்டியிருந்தது.

இவ்விடத்திற்கு நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்னும் பெயர் வழங்குகிறது. பெயர் அழகியது, அழகிய பெயர்களிடம் திறனாய்வாளர் சற்று விலகி நிற்பது நல்லது. அங்கே செல்வது எவருடைய விருப்பமும் அன்று. சட்டம் பிடித்துக் கொண்டுசென்றது. குடியிருப்புக்குள் மட்டும் செல்லும் தனிப் பணத்தாள் அச்சிடப்பட்டது, நோயர் தொட்ட பணம் வெளியே போகக்கூடாதென்று. அங்கே மணம் செய்துகொண்டோர் உண்டு. அவர்கட்குப் பிறந்த குழந்தைகளோ பிறந்தவுடன் பிரிக்கப்பட்டுக் குழந்தைகள் இல்லத்திற்குச் சென்றன. உறவினர் ஏற்காதபோது பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டன. நோய் தந்த இழப்பைவிட மனிதர் தந்த இழப்பு பெரிதாயிருந்தது என்பதை மறைத்துவிட்டுச் சுங்கை பூலோவைப் புத்துயிர்ப்பின் கதையாகச் சொல்வது, மோகனுக்குச் சிலை வைப்பதைப் போன்றதே.

சப்பானியர் ஆட்சியில் உணவும் மருந்தும் அற்றுப் பலர் மாண்டனர். சயாம் மரண இரயில் பாதையில் மடிந்த தமிழரை ஆர். சண்முகம் போன்றோர் புதினத்தில் நிறுத்தினர். அதே ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கில் மரவள்ளி நட்டு உயிர்காத்தவரும் காக்க இயலாதவரும் இன்னும் தமக்குரிய எழுத்தாளரை எதிர்நோக்கியிருக்கின்றனர்.

மருந்தின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. ஏனெனில் மீட்சி என்பதன் உண்மை உருவம் அதில்தான் தெரிகிறது. தொடக்கத்தில் இருந்தது சால்மூக்ரா எண்ணெய். நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த நீரடிமுத்து எண்ணெயின் இனத்தது. ஊசிவழி ஏற்றும் அவ்வெண்ணெய் மிகுந்த வலி தரும், பயன் சிறிது. 1940களின் பிற்பகுதியில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. அவற்றுள் டாப்சோன் மலிவான மாத்திரை. நோயர் பலர் தேறினர். கிருமி நீங்கியவர் என்று மருத்துவர் எழுதித் தந்தனர். பொய்கையில் மூழ்கி எழுந்தாயிற்று என்றே எவரும் எண்ணுவர்.

ஆண்டுகள் சில கழிந்தபின் அவர்களுள் சிலர்க்கு நோய் திரும்பியது. மருந்தை ஒழுங்காக உண்டிருப்பாரா என்ற ஐயம் முதலில் எழுவது இயல்பு. வீழ்ந்தவன்மீது இரண்டாம் முறையும் பழி விழும் வழக்கம் மருத்துவமனைக்கும் உண்டு. சுங்கை பூலோவில் இயங்கிய ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தோர் இதனைச் சோதித்தனர். நோயர் உடலினின்று எடுத்த கிருமியை எலிகளின் பாதத்தில் வளர்த்து ஆய்ந்து, கிருமியே டாப்சோனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிட்டது என்பதை பெட்டிட், ரீஸ் ஆகிய இருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வில் மெய்ப்பித்தனர். உலகில் இதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. ரிஃபாம்பிசின் மருந்தின் தொடக்கக்கால ஆய்வுகளிலும் சுங்கை பூலோ நோயர் பங்கேற்றனர். ஒரே மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்தே தரவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 1981இல் பரிந்துரைத்தது. இன்று உலகெங்கும் இந்நோய் குணமாவது அக்கூட்டு மருந்தினாலேயே.

இதனைப் புகழ்மொழியாக்கிவிடாமல் படிக்க வேண்டும். இரண்டாம் முறை வீழ்ந்த அந்நோயர், உலகத்திற்கு உதவவேண்டும் என்று வீழவில்லை. தம் தோல்வி எங்கோ ஒருவர்க்கு மருந்தாகும் என்பது அவர்களுள் பலர்க்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. எனினும் அவர்தம் வீழ்ச்சி வீணாகவில்லை. துன்பம் பயன்படுவது வேறு, துன்புற்றவன் பயனடைவது வேறு. கதைகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

துன்புற்றவர் தமக்காகச் செய்துகொண்டது என்ன? குடியிருப்பின் பணிகள் பலவற்றை நோயரே செய்தனர். செவிலியர்க்கு உதவியாளராகவும் ஆசிரியராகவும் எழுத்தராகவும் காவலராகவும் அவர்களே இருந்தனர். வெளியுலகில் ஒரு பதவியும் பெறமுடியாதவர் உள்ளே ஓர் ஊரையே நடத்தினர். 1969இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. காலப்போக்கில் பிரித்துவைத்தல் தளர்ந்து, வெளியேற உரிமை பிறந்தது. ஆயினும் பலர் வெளியேறவில்லை. ஏற்கும் வீடு இல்லாதது ஒரு காரணம். தாமே உண்டாக்கிய ஊரை விட மனம் வராதது மற்றொரு காரணம். அவர்கள் வீட்டைச் சுற்றிய நிலத்தில் காய்கறி பயிரிட்டனர், பின்னர்ப் பூச்செடி வளர்த்தனர். சுங்கை பூலோச் சாலையோரம் இன்று வரிசையாகக் காணும் செடி விற்பனையகங்களுக்கு வித்திட்டவர் அவர்களே.

உணர்ச்சி போன கையால் செடி வளர்ப்பது எப்படி என்பதை ஒரு கதையாசிரியர் எண்ணிப்பார்த்தால் போதும். கற்பனைக்கு வேறு துணை வேண்டாம். முள் தைத்தால் அக்கைக்குத் தெரியாது. கத்தி வழுக்கினால் தெரியாது. வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடு தெரியாது. ஆகவே ஒவ்வொரு மாலையும் கைகளைக் கழுவி, திருப்பித் திருப்பிக் கண்ணால் பார்த்து, எங்கே காயம் என்று கண்டுபிடிக்கவேண்டும். கை இழந்த வேலையைக் கண் மேற்கொள்கிறது. பழையது திரும்பவில்லை; வேறொன்று அதன் இடத்தில் வந்து நிற்கிறது. நாள்தோறும் செய்யவேண்டிய, ஒருநாளும் முடிவடையாத இப்பழக்கமே சுங்கை பூலோ மனிதரின் மீட்சி. இலஞ்சி மன்றத்தில் ஒருமுறை மூழ்குவதற்கும் இதற்கும் உள்ள தொலைவுதான் காப்பியக் கற்பனைக்கும் உரைநடைப் புனைவுக்கும் இடையிலுள்ள தொலைவு. புதினமும் சிறுகதையும் தோன்றியதே இத்தகைய அன்றாடத்தைச் சொல்லுதற்குத்தான்.

ஆனால் மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் மாணாக்கர் முதலில் பழகுவது வேறொரு வாய்பாடு. தோல்வியே வெற்றியின் முதற்படி என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணாக்கர் இருக்க முடியாது. எடிசனும் ஆபிரகாம் லிங்கனும் அதில் தவறாமல் வருவர்; வீழ்ந்த ஒவ்வொருவரும் முன்னிருந்ததைவிட உயர்ந்த இடத்தை இறுதிப் பத்தியில் அடைந்துவிடுவர். படி என்ற உவமை அவ்வாறுதான் இழுத்துச் செல்லும். படியை மிதித்தபின் அதைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. இவ்வாய்பாட்டில் பயின்ற மாணாக்கரே பின்னர்ச் சிறுகதைப் போட்டிகளுக்கு எழுதுகின்றனர். தோட்டம் துண்டாடப்பட்டு வேலையிழந்த தந்தை, கதை முடிவதற்குள் மகனின் பட்டமளிப்பு விழாவில் கண்ணீர் மல்க அமர்ந்திருப்பார். அன்றேல் தூக்கில் தொங்குவார். இடையில் அவர் முப்பதாண்டுகள் காவலாளி வேலை பார்த்து, புறம்போக்கு நிலத்தில் மிளகாய்ச் செடி நட்டு, கோயில் செயலவையில் பொருளாளராக இருந்த கதையை எழுதுவோர் சிலரே. நேர்ந்த இழப்பு ஈடுசெய்யப்பட்டால்தான் வாழ்வு தொடங்கும் என்று எண்ணும் இலக்கியம், ஈடு கிடைக்காத பெரும்பான்மையோரிடம் சொல்லுதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. தேர்வில் தோற்ற மாணவன், வேலை போன தகப்பன், மணமுறிந்த பெண் ஆகியோர் வகுப்பறைக்கு வெளியே தேடுவது எடிசனை அன்று.

ஆசிரியர் ஒருவர் மாணாக்கரைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துச் செல்வாராயின், பார்ப்பதற்கு இன்னும் எச்சங்கள் உண்டு. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதியில் பல கட்டடங்கள் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தின்பொருட்டு இடிக்கப்பட்டன. முதிய குடியினர் மீண்டும் ஒருமுறை பெயர்க்கப்பட்டனர். எதிர்ப்புக் குரலும் எழுந்தது. எஞ்சிய பகுதி 2011இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டு, 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைக்கான முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றது. சிறுவீடுகள் சிலவற்றின் முன் இன்றும் செடித்தொட்டிகள் உள்ளன. கல்லறைகளும் உள்ளன.

பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட குழந்தைகள் இப்போது நடுவயதையும் முதுமையையும் எட்டியுள்ளனர். அவர்களுள் சிலர் அண்மை ஆண்டுகளில் தம்மைப் பெற்றவரைத் தேடி அங்கு வருகின்றனர். வேறு பெயரில், சிலர் வேறு இனத்தார் வீட்டிலும், வளர்ந்தவர்கள். தாயின் மொழி இன்னதென்று வந்த பின்னரே அறிவோரும் இருக்கக்கூடும். பழைய பதிவேடுகளில் பெயரைத் தேடுகின்றனர். அத்தேடல் சிலர்க்குக் கல்லறையில் முடிகிறது. சிலர்க்கு, செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரின் வாசலில்.